தட்டு சுத்தல, தம்பி

காந்தி வீதியில் ஞாயிறுதோறும் போடும் சந்தையில் நாம் தேடிப் போவது ஒன்று, கையில் எடுத்து வருவது வேறொன்று. பனியன், செருப்பு, பிளாஸ்டிக் வாளி எல்லாம் தாண்டினால் பழைய சாமான் விரிப்புகள் வரும். ஃபெங்கல் புயல் மழை ஊரைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போன பிறகு, பல வீடுகளின் பரணும் ட்ரங்குப் பெட்டியும் அந்த விரிப்புகளுக்கு வந்து சேர்ந்தன. துருப்பிடித்த ரிமோட்டுகள், எம்.ஜி.ஆர். பாட்டு கேசட்டுகள், உடைந்த சுவிட்ச் போர்டுகள். அவற்றுக்கு நடுவே கிடந்த ஒரு தட்டையான பிளாஸ்டிக் பெட்டி என்னை அங்கேயே குந்த வைத்துவிட்டது.

“கேசட்டு சார், பத்து ரூபா” என்றார் விரிப்புக்காரர்.

அது கேசட் அல்ல. எட்டு சென்டிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் தடிமன். ஓரத்தில் உலோக மூடி. லேபிளில் ஊதா மையில், பிரெஞ்சில், ‘விளையாட்டுகள்’ என்று எழுதியிருந்தது. மூன்று அங்குல ஃபிளாப்பி. மூன்றரை அங்குலத்தைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அதற்கும் முந்தைய, வளைகிற ஐந்தேகால் அங்குலத்தைத் தொட்டவர்களும் உண்டு. மூன்று அங்குலத்தைத் தெரிந்தவர்கள் இந்தியாவில் மிகவும் குறைவு. புதுச்சேரியில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதற்குக் காரணம் பிரான்ஸ்.

ஜப்பானில் ஹிட்டாச்சி, மாட்சுஷிட்டா, மாக்செல் கம்பெனிகள் கொண்டுவந்த அளவு இது. உலகம் சோனியின் மூன்றரை அங்குலத்தின் பின்னால் போய்விட, மூன்று அங்குலத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்களில் முக்கியமானது இங்கிலாந்தின் ஆம்ஸ்ட்ராட். 1985-இல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த சி.பி.சி. 6128 என்ற வீட்டுக் கணினியில் இந்த டிரைவ் விசைப்பலகையோடு சேர்ந்தே வந்தது. அது பிரான்சில் சக்கைப்போடு போட்டது. பிரான்சில் எது வீடுவீடாகப் புகுந்தாலும் அதில் ஒன்றாவது மறு வருஷ விடுமுறைக்குள் புதுச்சேரிக்கு வந்துவிடும். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது.

குருசுக்குப்பத்தில் தாத்தா வீடு. கீழே நாங்கள், மாடியில் அத்தை. அத்தையின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘சொல்தா’. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, இங்கே பிறந்தவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. மாமா வைத்துக்கொண்டார். தாத்தா வேண்டாம் என்றுவிட்டார். ஒரே வீட்டில் மேலே பிரான்ஸ், கீழே இந்தியா. ஜூலை 14 வந்தால் மாமா பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் உள்ள போர்வீரர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். தாத்தா வாசலில் நின்று, காலர் நேராக இருக்கிறதா என்று பார்த்து அனுப்பி வைப்பார்.

அத்தையின் மகன், என் அத்தான், பிரான்சில் படித்துக்கொண்டிருந்தார். அவர் வேறு கணினி வாங்கியதும் பழையது எங்களுக்கு என்று முடிவாயிற்று. மாமா ஒரு ‘வக்கான்ஸ்’, அதாவது விடுமுறை, முடிந்து திரும்பும்போது அதைக் கொண்டுவந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலை இன்றைய அகலம் காணாத காலம். மீனம்பாக்கத்தில் கஸ்டம்ஸ் முடித்து, திண்டிவனம் வழியாக அம்பாசிடர் டாக்சியில் வந்து இறங்கினார். டிக்கியில் மானிட்டர் அட்டைப்பெட்டி, மடியில் விசைப்பலகை. அதைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் இறங்கியதும் முதலில் கேட்டது ஒரு டம்ளர் மோர்.

அவ்வளவு கனமான மானிட்டரை ஏன் தூக்கி வரவேண்டும், இங்கே டி.வி. இல்லையா என்று அப்பா கேட்டார். அந்தக் கணினிக்கு மின்சாரமே மானிட்டரில் இருந்துதான் வரும். உள்ளே இருக்கும் பவர் சப்ளையில் இருந்து ஒரு ஒயர் 5 வோல்ட் கொடுக்கும். இன்னொன்று டிரைவ் மோட்டாருக்காக 12 வோல்ட். மானிட்டர் இல்லாவிட்டால் கணினிக்கு உயிரில்லை. எங்களுக்கு அது நல்லதாகவே போயிற்று. பிரான்சின் டி.வி. முறை வேறு, நம்முடையது வேறு, டி.வி.யில் மாட்டும் கணினி கொண்டுவந்தவர்கள் படம் தெரியாமல் திண்டாடினார்கள். எங்களுக்கு நீலத் திரையில் மஞ்சள் எழுத்து முதல் நாளே பளிச்சென்று வந்தது. பிளக்கை மட்டும் வெட்டிவிட்டு நம் ஊர் த்ரீபின் டாப் மாட்டினோம்.

விசைப்பலகை பிரெஞ்சு அமைப்பு. ஏ இருக்க வேண்டிய இடத்தில் கியூ, கியூ இடத்தில் ஏ. எண் போட ஷிஃப்டை அழுத்த வேண்டும். பிறகு நான் தட்டச்சுப் பயிலகத்தில் லோயர் சேர்ந்தபோது என் விரல்கள் இரண்டு ஊருக்கும் நடுவே தவித்தன. அந்தப் பயிலகங்களும் இப்போது குறைந்துவிட்டன. தெருவுக்குத் தெரு மாலை வேளையில் கேட்ட தடதட சத்தம் எப்போது குறைந்தது என்று யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கையேடு முழுக்க பிரெஞ்சு. அதை எனக்குப் படித்துச் சொன்னவர் தாத்தா. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ‘எத்தா சிவில்’ அலுவலகத்தில் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவேடுகள் எழுதியவர். கணினியைக் கடைசிவரை அவர் விரலால் தொடவில்லை. ஆனால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தடித்த கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தார். ஒரு வரியைப் பிரெஞ்சில் வாசிப்பார், கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்ப்பார், தமிழில் சொல்வார். நான் தட்டுவேன். “எல்லாம் எழுதியிருக்கான். நிதானமாப் படிச்சா நடுராத்திரியில யாரையும் எழுப்ப வேணாம்” என்பார். ஒரு கணினிக்கு இதைவிட நல்ல ஆசிரியர் யாருக்கும் வாய்த்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

இயந்திரத்தைப் போட்டதும் ‘ரெடி’ என்று வந்து நிற்கும். அது பேசிக் மொழி. அதற்கு ஃபிளாப்பி தேவையில்லை. ஆனால் புதுத் தட்டு ஒன்றை ஃபார்மட் செய்ய வேண்டுமென்றால் சி.பி.எம். என்ற இயங்குதளத்தைத் தட்டிலிருந்து ஏற்றியாக வேண்டும். சிஸ்டம் தட்டைச் செருகி, ஒரு செங்குத்துக் கோடும் அதையடுத்து சி, பி, எம் என்ற மூன்று எழுத்துகளும் அடித்து என்டர் தட்டினால், சிவப்பு விளக்கு எரியும், மோட்டார் உறுமும், கொஞ்ச நேரத்தில் ஏ என்ற எழுத்தும் அம்புக்குறியும் வந்து நிற்கும். லோகோவும் அதன் வழியாகத்தான். முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்று எழுதினால் ஆமை திரையில் கோடு போடும்.

தட்டின் ஒரு பக்கத்தில் 178 கே. திருப்பிப் போட்டால் இன்னொரு 178. சென்னை ரிச்சி தெருவில் மற்ற அளவுகள் எல்லாம் கிடைத்தன, இது கிடைக்கவில்லை. வக்கான்ஸுக்கு வருகிறவர்களின் பெட்டியில், சென்ட் பாட்டிலுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே இரண்டு தட்டாவது வரும். கூடவே அத்தான் ‘ஆம்ஸ்ட்ராட் சான் பூர் சான்’ பத்திரிகை அனுப்புவார். 1988-இல் பிரான்சில் தொடங்கியது. அதைப் பார்த்துப் பார்த்து நான் பேசிக் கற்றேன். அத்தை மாதச் சீட்டு நடத்திக்கொண்டிருந்தாள். யார் எந்த மாதம் எடுத்தார்கள், யார் கட்டினார்கள், தள்ளு எவ்வளவு என்று கணக்கு வைக்க ஒரு புரோகிராம் எழுதினேன். அத்தை சொல்லச் சொல்ல நான் ஏற்றினேன். அதோடு அவளுடைய நீல நோட்டும் தொடர்ந்தது. கணினியை நம்பி நோட்டை விட அத்தை சம்மதிக்கவில்லை.

சில வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு ஐப்பசி அடைமழையில் இயந்திரம் தட்டைப் படிக்க மறுத்தது.

சிவப்பு விளக்கு எரிகிறது. மோட்டார் சத்தம் கேட்கிறது. ஆனால் திரையில், ‘டிரைவ் ஏ: டிஸ்க் மிஸ்ஸிங்’. கீழே, ‘ரீட்ரை, இக்னோர் ஆர் கேன்சல்?’ தட்டு உள்ளேதான் இருக்கிறது. வெளியே எடுத்தேன், திரும்பச் செருகினேன், பக்கம் மாற்றினேன். தட்டு இல்லை என்றே அது சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டில் எல்லோரும் ஒருமனதாகச் சொன்ன காரணம் உப்புக்காற்று. குருசுக்குப்பத்தில் எது கெட்டாலும் அதுதான் காரணம். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், ஃபேன், பாட்டியின் முழங்கால் எல்லாம் அந்தக் கணக்கில்தான். மாமா லோ வோல்டேஜ் என்றார். அதுவும் நியாயம்தான், இரவு ஏழு மணிக்கு மேல் ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், திரையில் படம் ஓரங்களில் சுருங்கும்.

அத்தானுக்கு ஏரோகிராம் எழுதினோம். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் தாத்தா கையேட்டை மறுபடி எடுத்து, பிழைச் செய்திகள் உள்ள பகுதியைக் கண்டுபிடித்து, ஒரு தாளில் எனக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியதைப் பிறகு எனக்குத் தெரிந்ததோடு சேர்த்துச் சொல்கிறேன். இந்த இயந்திரம் மூன்று விதமாகக் குறை சொல்லும். பூட் செக்டரை ஏற்ற முடியவில்லை என்றால், தட்டு சுழல்கிறது, படிக்கவும் முடிகிறது, அதில் சி.பி.எம். இல்லை, வெறும் டேட்டா தட்டைப் போட்டிருக்கிறோம். சிஸ்டம் தட்டில் முதல் இரண்டு தடங்களை இயங்குதளத்துக்கென்று ஒதுக்கியிருப்பார்கள், அதனால் அதில் 169 கே தான் நமக்கு. இரண்டாவது, ‘ரீட் ஃபெயில்’. தட்டு சுழல்கிறது, ஆனால் எழுத்து புரியவில்லை. தலை அழுக்காக இருக்கலாம், தட்டில் பூஞ்சை இருக்கலாம், வேகம் பிசகியிருக்கலாம். மூன்றாவதுதான் எங்களுடையது. டிரைவில் தட்டு இருப்பது அதற்குத் தெரியவில்லை.

அத்தானின் பதில் வந்தது. 12 வோல்ட் ஒயரைப் பார், தலையைத் துடை, வேறு தட்டு போட்டுப் பார். ஒயர் சரியாகத்தான் இருந்தது. அது இல்லாவிட்டால் மோட்டாரே உறுமாது. வேறு தட்டும் போட்டாயிற்று. தலையைத் துடைப்பது எப்படி என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. மாமா தன்னுடைய ஓதெகொலோன் பாட்டிலை எடுத்து நீட்டினார். தாத்தாதான் தடுத்தார்: “மிஷின் ஆளுகிட்ட கேக்காம எதையும் ஊத்தாதீங்க.”

கணினி மிஷின் ஆள் என்று ஊரில் அன்று யாரைச் சொல்ல? பள்ளிகளில் 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் வந்த பி.பி.சி. மைக்ரோக்கள் நாட்டில் இருந்தன. ஊரில் முளைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டர்களில் பி.சி. எக்ஸ்.டி. இருந்தது. ஒரு சென்டரில் போய்க் கேட்டேன். மூன்று அங்குலத் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்த சார், இது பொம்மைக் கணினியோடது போலிருக்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சின்ன மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டர் மெக்கானிக் ஒருவர் இருந்தார். கடை என்று சொல்ல முடியாது. ஒரு மாடிப்படிக்கு அடியில் மேசையும் ஸ்டூலும். ஆணியில் வளையல் மாதிரி விதவிதமான ரப்பர் பெல்ட்டுகள் தொங்கும். எங்கள் வீட்டு டூ-இன்-ஒன் அவர் கையில்தான் பிழைத்துக்கொண்டிருந்தது. அம்மா சொன்னாள்: “அந்தப் பையன்கிட்டயே கொண்டுபோயேன். அதுவும் ஏதோ சுத்துற மிஷின்தானே?” அம்மா சொன்னதில் எவ்வளவு சரி இருக்கிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வேறு வழியும் இல்லை.

மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் அவரே சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். முதலில் எதையும் கழற்றவில்லை. “போடு” என்றார். போட்டேன். விசைப்பலகையின் வலது ஓரத்தில், டிரைவ் இருக்கும் இடத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். “இன்னொரு தரம்.” மறுபடி. பிறகு தட்டைக் கேட்டு வாங்கி, நடுவில் இருக்கும் துளையில் விரல் விட்டு மெல்லச் சுழற்றிப் பார்த்தார். உள்ளே இருக்கும் பழுப்புத் தகடு உறைக்குள் உரசிக்கொண்டு நகர்ந்தது.

“மோட்டார் சுத்துது. தட்டு சுத்தல, தம்பி” என்றார்.

உப்புக்காற்று, லோ வோல்டேஜ், தலை, தட்டு எல்லாம் ஒரே வரியில் போய்விட்டன. தட்டில் நடுத்துளைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஓட்டை உண்டு. தட்டு சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை அதன் வழியாக வெளிச்சம் புகுந்து மறுபக்கத்து உணர்வியில் படும். அந்தத் துடிப்பு வந்தால்தான் தட்டு இருக்கிறது என்று இயந்திரம் நம்பும். தட்டு நகராவிட்டால் துடிப்பு இல்லை. துடிப்பு இல்லாவிட்டால் தட்டே இல்லை. அந்தச் செய்தி பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறது. மெக்கானிக் அண்ணனுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. உறுமலில் பளு இல்லை என்பது அவர் காதுக்குத் தெரிந்தது. சுமை இழுக்கிற மோட்டாரின் சத்தமும் சும்மா ஓடுகிற மோட்டாரின் சத்தமும் வேறு வேறு என்றார்.

தாத்தாவின் வேட்டி ஒன்றை மேசையில் விரித்து, அதன்மேல் திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினார். டிரைவை வெளியே எடுத்து, அடிப்பக்கத்து சர்க்யூட் போர்டை ஒயர் அறுந்துவிடாமல் ஒருபக்கமாகத் திருப்பி வைத்தார். உள்ளே மோட்டாரின் சின்னச் சக்கரம், தட்டைச் சுழற்றும் பெரிய சக்கரம், இரண்டையும் சுற்றி மெல்லிசாக ஒரு தட்டை பெல்ட். நகத்தால் நெம்பி எடுத்தார். தொங்கவிட்டபோது வட்டமாகத் திரும்பாமல் சுருண்டு நின்றது.

டேப் ரெக்கார்டரில் வரும் பெல்ட்டுகள் பெரும்பாலும் சதுரக் குறுக்குவெட்டு. இதற்கு வேண்டியது தட்டை. மறுநாள் ஏதோ ஒரு பழைய டெக்கின் உடம்பிலிருந்து ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். சக்கரங்களைச் சுத்தமான ஸ்பிரிட்டால் துடைத்தார். ஓதெகொலோனில் வாசனை எண்ணெய் இருக்கும், அது காய்ந்தால் படலம் விடும், பெல்ட் வழுக்கும் என்று மாமாவுக்குப் பொறுமையாகச் சொன்னார். மாமா பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

புது பெல்ட்டில் தட்டு சுற்றியது. ஆனால் இப்போது ‘ரீட் ஃபெயில்’. முன்னேற்றம்தான்! தட்டு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டது. தடிமன் கொஞ்சம் மாறியதால் வேகம் பிசகியிருந்தது. நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று அவர் கேட்டார். தாத்தா எழுதிக் கொடுத்த தாளில் அது இல்லை. நல்லவேளையாக அத்தானின் பத்திரிகை ஒன்றில் இருந்தது: 300.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் இன்றைக்கும் வியக்கிறேன். காகிதத்தில் ஒரு வட்டம் வெட்டினார். காம்பஸும் பாகைமானியும் கேட்டு வாங்கி, வட்டத்தைச் சுற்றி இருபது கருப்புக் கோடுகள் சம இடைவெளியில் போட்டார். அதைப் பெரிய சக்கரத்தில் ஒட்டி, டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்து மோட்டாரை ஓடவிட்டார். கோடுகள் மெல்ல ஒரு பக்கமாக ஊர்ந்தன. போர்டில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன பிரிசெட்டை ஸ்க்ரூ டிரைவர் முனையால் மயிரிழை திருப்பினார். ஊர்வது குறைந்தது. இன்னும் கொஞ்சம். சக்கரம் சுழன்றுகொண்டே இருக்க, கோடுகள் அப்படியே நின்றுவிட்டன.

நம் மின்சாரம் 50 சைக்கிள். டியூப்லைட் விநாடிக்கு நூறு முறை மின்னி அணையும். 300 சுற்று என்றால் விநாடிக்கு ஐந்து. நூறை ஐந்தால் வகுத்தால் இருபது. ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு கோடு சரியாக அடுத்த கோட்டின் இடத்துக்கு வந்துவிடும், கண்ணுக்கு அசையாததாகத் தெரியும். அவர் இதை ரிக்கார்டு பிளேயரில் கற்றவர். முப்பத்து மூன்றே மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும் எல்.பி. தட்டுக்கு 180 கோடு என்று வாய்ப்பாடாகச் சொன்னார். இதற்கு எத்தனை என்பதை என் வீட்டு மேசையில் உட்கார்ந்து, மனக்கணக்காகப் போட்டுக் கண்டுபிடித்தார். இதைப் பொறியியல் என்று நான் சொல்வேன். மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து செய்தாலும் அது பொறியியல்தான்.

சிஸ்டம் தட்டைச் செருகினேன். கோடு, சி, பி, எம். உறுமலில் பளு வந்திருந்தது, எனக்கே கேட்டது. தலை நகரும் டிக் டிக். ஏ, அம்புக்குறி.

கூலி எவ்வளவு என்று அப்பா கேட்டார். பெல்ட்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். “இது என்னதான் செய்யும், அதக் காட்டு” என்றார். லோகோவைக் காட்டினேன். ஆமைக்கு முன்னே நூறு, வலப்பக்கம் தொண்ணூறு என்று அவரே சொல்லச் சொல்ல, நான் அடித்தேன். சதுரம் வந்ததும், பாகையை மாற்றினால் வட்டம் போடுமா என்றார். தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று ராத்திரி மெக்கானிக் அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

பிறகு பி.சி. வந்தது, நான் படிக்க வெளியூர் போனேன், தாத்தா போய்ச் சேர்ந்தார். ஆம்ஸ்ட்ராட் பரணேறியது. தானே புயலின்போது ஓடு பறந்து பரணில் மழை கொட்டியது; இயந்திரம் தார்ப்பாய்க்கு அடியில் இருந்ததால் தப்பியது, தட்டுப் பெட்டியில் ஈரம் இறங்கியது.

சந்தையில் வாங்கிய தட்டுதான் என்னைப் பரணில் ஏற வைத்தது. படிக்குமா என்று பார்க்கும் ஆசை. இப்போதெல்லாம் ஃபிளாப்பிக்குப் பதிலாகப் பென்டிரைவை வைத்து ஏமாற்றும் கோடெக் என்ற சின்னப் பெட்டி கிடைக்கிறது. பின்பக்கத்து இரண்டாம் டிரைவ் சாக்கெட்டில் அதை மாட்டலாம். ஆனால் சி.பி.எம். ஏ டிரைவிலிருந்துதான் ஏறும், பி-யில் இருந்து ஏறாது. பழைய தட்டில் இருப்பதைப் பிரதி எடுக்கவும் பழைய டிரைவ்தான் வேண்டும். ஆக, மறுபடி பெல்ட்.

திறந்தால் பெல்ட்டே இல்லை. ரப்பர் உருகிக் கருந்தாராகிச் சக்கரங்களைச் சுற்றி அப்பியிருந்தது. விரலில் பட்டால் சோப்புக்கும் போகவில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் இயர்பட்ஸுமாக ஒரு முழு நாள் துடைத்தேன். ரப்பருக்கும் வயசு உண்டு; அதிலும் நம் ஊர் வெயிலில் பரணில் கிடந்த ரப்பர். புது பெல்ட் அளவு சொல்லி ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடுகிறது. கழற்றுவது எப்படி என்று காட்டும் வீடியோக்கள் பிரெஞ்சில் நிறைய; தாத்தா இருந்தால் ஒன்றுவிடாமல் பார்த்திருப்பார்.

மெக்கானிக் அண்ணன் லாசுப்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். மாடிப்படிக்கு அடியில் இப்போது மொபைல் கவர் தொங்குகிறது. போய்ப் பார்த்துச் சொன்னேன். இருபது கோட்டுச் சக்கரம் போட்டு ஒட்டினேன், கோடு நிற்கவே மாட்டேன் என்கிறது, சாம்பலாகத்தான் தெரிகிறது என்றேன். என்ன லைட் என்று கேட்டார். எல்.இ.டி. என்றேன்.

“அதுல தெரியாது தம்பி. அது மின்னல. பழைய டியூப்லைட் வேணும். காப்பர் சோக்கு வச்சது, ஸ்டார்ட்டர் போட்டது.”

வீடு முழுக்கத் தேடினாலும் அப்படி ஒன்று இல்லை. தெருவிலும் இல்லை. எல்லோரும் மாற்றிவிட்டார்கள். கடைசியில் ஒரு தையல்கடைக்காரர் மாற்றிப் போட்டு மூலையில் சாய்த்து வைத்திருந்த பட்டியை, சோக்கு, ஸ்டார்ட்டரோடு கொடுத்தார். அதைச் சுவரில் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். இரண்டு மூன்று தடவை கண்சிமிட்டிவிட்டு எரிந்தது. கோடுகள் தெரிந்தன. பிரிசெட்டைத் திருப்பி நிறுத்தினேன்.

சந்தைத் தட்டின் ஒரு பக்கம் படிக்கவில்லை, மறுபக்கத்தில் இரண்டு விளையாட்டுகள் இருந்தன. எங்கள் தட்டுகளில் ஈரம் பட்டவை சிலவற்றில் வெள்ளைப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. அவற்றைப் போட்டால் தலையும் கெடும், அடுத்த தட்டையும் கெடுக்கும். ஆகவே தனியே எடுத்து வைத்திருக்கிறேன். உறையைப் பிரித்துத் தகட்டைக் கழுவித்தான் பார்க்க வேண்டும். நன்றாக இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பென்டிரைவுக்கு மாற்றினேன். சிஸ்டம் தட்டு ஏறியது. லோகோ இருந்தது. என் பழைய புரோகிராம்கள் இருந்தன, சீட்டுக் கணக்கும்.

அத்தைக்கு இப்போது மாடியேற முடியாது, கீழேதான் இருக்கிறாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். அவளுடைய நீல நோட்டு தானே புயலில் ஊறிக் கூழாகிவிட்டது. பட்டியலை ஓடவிட்டேன். மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராக வாய்க்குள் படித்தாள். பாதிப் பேர் இன்று இல்லை. ஒரு பெயரில் விரல் வைத்தாள்.

“இவ மூணாவது மாசமே சீட்டு எடுத்துட்டா. கடைசி ரெண்டு தவணை கட்டவேயில்ல. அதக் குறிச்சு வச்சோமா, பாரு.”

பார்த்தேன். குறித்து வைத்திருந்தோம்.